மார்கழி வெயிலுக்கு ஒரு ஜன்னல்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வீடு கட்டுகிறீர்களா? இங்கே குளிர்கால வெயில் வேண்டியது கதகதப்புக்கு அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறிய சுவர் உலரத்தான்.

● டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து, சுமார் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். பெரிய ஜன்னலைத் தெற்கே வையுங்கள்.

● 4 அடி உயர ஜன்னலுக்கு ஒன்றரை அடி சன்ஷேடு போதும். மார்கழி நண்பகலில் கீழ்ப்பாதியில் வெயில் விழும். மே மாத நண்பகலில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடுவதால் விழாது.

● மேற்கே மாடிப்படி, குளியலறை, ஸ்டோர் ரூம் வரட்டும். கோடையின் மாலை வெயில் படுக்கையறைச் சுவரைச் சுடாது.

● தெற்கே பக்கத்து வீடு நெருங்கி நிற்கிறதா? மொட்டை மாடிதான் கதி. தண்ணீர் டேங்கின் நிழல் மார்கழியில் வடக்கே நீளும். துணிக்கொடியையும் சோலார் ஹீட்டரையும் டேங்குக்குத் தெற்கே வையுங்கள்.