களத்திலிருந்து விற்பனைக் கூடம் வரை: நிலக்கடலையில் கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்

விதை நேர்த்தி செய்தல், ஜிப்சம் இடுதல், மண் அணைத்தல் ஆகிய வேலைகளை இன்று நிலக்கடலை விவசாயிகளில் பலரும் முறைப்படி செய்து வருகின்றனர். ஆனால் செடியைப் பிடுங்கிய நாள் முதல் பணம் கைக்கு வந்து சேரும் நாள் வரை உள்ள வேலைகளுக்கும் முறை உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நூறு நாள் பாடுபட்டு எடுத்த மகசூலின் மதிப்பு அந்தப் பத்துப் பதினைந்து நாட்களில்தான் கூடவோ குறையவோ செய்கின்றது.

முதலில் அறுவடைப் பருவம். நாள் கணக்கை மட்டும் நம்பிப் பிடுங்குதல் சரியன்று. வயலில் பல இடங்களிலிருந்து பத்துச் செடிகளைப் பிடுங்கிக் காய்களை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உட்புறம் கருமையடைந்த காய்கள் நூற்றுக்கு 75 இருந்தால் அறுவடை செய்யலாம். முன்னதாகப் பிடுங்கினால் பருப்பு சுருங்கும். காலம் தாழ்த்தினால், கொத்து இரகங்களில் விதை உறக்கம் குறைவாதலால், ஒரு மழை பெய்தாலும் காய்கள் வயலிலேயே முளைத்துவிடும்.

காய வைத்தல்

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான கட்டம். பிடுங்கிய ஈரக் கொடிகளைப் போராகக் குவித்து வைப்பதும், ஆய்ந்த காய்களை அன்றே மூட்டை பிடிப்பதும் பல ஊர்களில் உள்ள பழக்கம். உள்ளே வெப்பமும் ஈரமும் சேர்ந்து பூசணம் பிடிக்க இது போதும். காய்களைக் களத்தில் மெல்லியதாகப் பரப்பி, பகலில் பல முறை கிளறிவிட்டு, மாலையில் குவித்துத் தார்ப்பாய் கொண்டு மூடி, காலையில் பனி விலகிய பின் மீண்டும் பரப்புங்கள். ஈரம் 8 சதத்திற்கு மேற்படாத நிலை வரும் வரை இதைத் தொடர வேண்டும். வெயிலைப் பொறுத்து நான்கைந்து நாட்கள் ஆகலாம்.

கருவி இல்லாமலும் ஓரளவு சோதித்து அறியலாம். நன்கு காய்ந்த காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலக்கும். பருப்பை விரல்களுக்கிடையே தேய்த்தால் தோல் எளிதில் உரியும். ஆனால் இச்சோதனையைக் களத்தின் ஓரத்துக் காயில் மட்டும் செய்து திருப்தி அடைந்துவிடாதீர்கள். குவியலின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் காய் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஈரத்தோடு வைத்த கடலையில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றது. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோதுதான் இந்நஞ்சு வெளிப்பட்டது. அவற்றுக்குக் கொடுத்த தீவனத்தில் கடலைப் பிண்ணாக்கு சேர்ந்திருந்தது. இந்த நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் போவதில்லை. எண்ணெய் ஆட்டிய பின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கும். அதைத் தின்னும் கறவை மாட்டின் பாலிலும் வரும். அந்தப் பாலை நம் வீட்டுக் குழந்தைகளும் குடிக்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். எனவே பூசணம் பிடித்த பருப்பை ‘மாட்டுக்கு ஆகும்’ என்று ஒதுக்கி வைப்பது தவறான சிக்கனம். கையால் உடைப்பது எளிதாகட்டும் என்று காய்மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தையும் அறவே விட்டுவிட வேண்டும்.

எடை குறைகிறதே என்னும் கவலை

‘காயக் காய எடை போகிறது, நட்டம் எங்களுக்குத்தானே?’ என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. கேள்வி நியாயமானதே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 14 சதம் ஈரமுள்ள 100 கிலோ காயில் 14 கிலோ நீர். மீதி 86 கிலோ. இதை 8 சதம் ஈரத்திற்குக் கொண்டுவந்தால் எடை ஏறத்தாழ 93½ கிலோ ஆகும். ஈரக் காய் கிலோ 60 ரூபாய்க்குப் போவதாக வைத்துக்கொண்டால், காய்ந்த காய்க்கு 64 ரூபாய் 20 பைசா கிடைத்தாலே கைக்கு வரும் தொகை சமமாகிவிடும். அனுபவமுள்ள வியாபாரி ஈரக் காயைக் கையில் எடுத்ததுமே கண்டுகொள்வார். அவர் ஈரத்திற்கு மட்டும் கழிப்பதில்லை. உள்ளே பூசணம் இருக்குமோ என்ற ஐயத்திற்கும் சேர்த்தே விலையைக் குறைப்பார்.

உங்கள் மாதிரியை நீங்களே எடுங்கள்

காய்ந்த காயில் மண், சிறு கற்கள், பொக்குக் காய் ஆகியவற்றை நீக்கித் தூற்றி, சாக்கில் பிடியுங்கள். மேலே நல்ல காயும் அடியில் மட்டமான காயும் வைக்கும் வேலை ஒரு முறைதான் பலிக்கும். அடுத்த சந்தையில் உங்கள் மூட்டைகள் அனைத்தையும் கொட்டிப் பார்ப்பார்கள். மட்டமான காயைத் தனி மூட்டையாகவே கொண்டு செல்வது நல்லது.

பிறகு, பல மூட்டைகளிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோ நிறுத்து உடைத்துப் பாருங்கள். பருப்பு 350 கிராம் இருந்தால் உடைப்பு 70 சதம். அதில் சுருங்கியதும் சொத்தையும் எத்தனை கிராம் என்றும் பிரித்து நிறுத்துக் குறித்துக் கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான். ஆனால் விலை பேசும்போது உங்கள் சரக்கைப் பற்றி எதிரில் இருப்பவருக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

விற்பனைக் கூடத்தில்

1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1936-இல் திருப்பூரில் பருத்திக்கெனத் தொடங்கிய ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள், பின்னர் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்தன. இங்கு விற்பனைக் கட்டணம் வாங்குபவரிடமே வசூலிக்கப்படுகின்றது. விவசாயி தரகு கொடுக்க வேண்டியதில்லை. மறைமுக ஏலத்தில் வியாபாரிகள் ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் குறித்துத் தருகின்றனர். அறிவித்த விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஊருக்கு வரும் வியாபாரியிடம் விற்பதே கூடாது என்று சொல்ல வரவில்லை. அவர் களத்திற்கே வருகிறார், அவசரத்திற்குப் பணமும் தருகிறார். மூன்று நான்கு மூட்டைக்காகத் தொலைவிலுள்ள கூடத்திற்கு வண்டி பேசினால் கூலியே ஆதாயத்தைத் தின்றுவிடும். பக்கத்து நிலத்தார் இருவர் மூவர் சேர்ந்து ஒரே வண்டியில், ஆனால் அவரவர் மூட்டைக்கு அடையாளமிட்டுக் கொண்டு சென்றால் இது கட்டுப்படியாகும்.

ஏல நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொண்டு, வங்கிக் கணக்குப் புத்தக நகலுடன் முன்னதாகச் செல்லுங்கள். சரக்கை இறக்கியதும் குவியல் எண் குறித்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எடை போடுமுன் தராசு பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். சாக்கு எடையைத் தோராயமாகக் கழிக்க விடாதீர்கள். வெறும் சாக்கு 600 கிராம் இருக்கும்போது மூட்டைக்கு ஒரு கிலோ கழித்தால், 50 மூட்டைக்கு 20 கிலோ கடலை கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

ஒவ்வொரு மூட்டையின் எடையையும் உங்கள் நோட்டிலும் எழுதி வாருங்கள். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் ஒப்படைக்கலாம். அதே பக்கத்தில் வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி, உடைப்புச் சதம், கிடைத்த விலை ஆகியவற்றையும் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு எங்கே விற்பது என்பதை முடிவு செய்ய அந்த ஒரு பக்கம் போதும்.

விற்பனைச் சீட்டிலுள்ள எடை உங்கள் நோட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால், அங்கேயே கண்காணிப்பாளரிடம் தெரிவியுங்கள். மூட்டைகள் வியாபாரியின் லாரியில் ஏறிய பின் மறு எடை போட வழி இராது.