நீச்சல் குளத்தில் நெடி... குற்றவாளி யார்?

"டாக்டர் சார், குளத்துல குளோரினை மூட்டை மூட்டையா கொட்றாங்க. பசங்க கண்ணைப் பாருங்க, மிளகாய்ப் பழம் மாதிரி!"

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம். சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோர் வாயிலும் இதே பேச்சுதான். இருநூறு வீடுகளுக்கு ஒரே நீச்சல் குளம். லீவு நாள் வேறு. குளத்தருகே போனாலே மூக்கை எரிக்கும் நெடி. குளோரினைக் குறைக்கச் சொல்லி சங்கச் செயலாளருக்கு மனு எழுதினோம். அதில் முதல் கையெழுத்து யாருடையது தெரியுமா? அடியேனுடையதுதான்! சித்த வைத்தியன் இல்லையா? ரசாயனம் என்றதும் யோசிக்காமல் போட்டுவிட்டேன்.

செயலாளரும் குறைத்துவிட்டார். அடுத்த பத்து நாளில் எங்கள் பிளாக்கிலிருந்தே காது வலி என்று நாலு குழந்தைகள், பேதி என்று மூன்று குழந்தைகள் என்னிடம் வந்தார்கள். எல்லாமே குளத்தால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மனசு உறுத்தியது. குளத்தைப் பராமரிக்கும் தம்பியிடம் போய் நின்றேன். அவர் ஒரு நோட்டை நீட்டினார். "சார், நீங்க மனு குடுத்த அன்னிக்கே குளோரின் கம்மிதான் சார். யாரும் நோட்டைப் பார்க்கலை."

எனக்குச் சுரீர் என்றது.

நெடியின் ரகசியம்

அன்பு வாசகர்களே, சுத்தமான குளத்தில் குளோரின் நெடி லேசாகத்தான் இருக்கும். நம் வியர்வை, சிறுநீர், உடம்பு அழுக்கு ஆகியவற்றோடு குளோரின் கலக்கும்போது குளோரமின் என்ற பொருள் உண்டாகிறது. மூக்கை எரிப்பதும், கண்ணைச் சிவக்க வைப்பதும், இருமல் கிளப்புவதும் பெரும்பாலும் இதுதான். அழுக்கோடு மல்லுக்கட்டியே குளோரின் தீர்ந்துபோவதால், கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. ஆக, நெடி அதிகமானால் "மருந்து ஜாஸ்தி" என்று அர்த்தமில்லை; "அழுக்கு ஜாஸ்தி" என்றுதான் அர்த்தம்!

ஒரு லிட்டர் தண்ணீரில் 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். கார அமிலத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2-லிருந்து 7.8-க்குள் இருக்க வேண்டும். அது 8-ஐத் தாண்டினால் குளோரினின் வீரியம் வெகுவாகக் குறைந்துவிடும். வெயிலும் குளோரினைத் தின்றுவிடும். காலையில் போட்டது மாலை வரை தாங்கும் என்ற நிச்சயமில்லை. அதனால் தினமும் இரண்டு வேளையாவது சோதித்து எழுத வேண்டும். ஆழமான இடத்தில் அடித்தளம் தெளிவாகத் தெரியவில்லையா? அன்று இறங்கவே இறங்காதீர்கள்.

"என்ன, சித்த வைத்தியர் குளோரினுக்கு வக்காலத்து வாங்குகிறாரே?" என்கிறீர்களா! ஓடும் ஆறு தன்னைத் தானே ஓரளவு சுத்தம் செய்துகொள்ளும். இது தேங்கிய நீர். இருநூறு வீட்டுக்காரர்கள் இறங்கும் தொட்டி. வேப்பிலையும் மஞ்சளும் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இறங்கும் முன்...

குடிநீர் ஊருணியில் கால் நனைக்கக்கூட நம் கிராமங்களில் விட மாட்டார்கள். காவலுக்கு ஆள் போட்டா செய்தார்கள்? ஊரே காவல்! அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் இங்கேயும் வேண்டும்.

* ஒரு நிமிடம் ஷவரில் நன்றாகக் குளித்துவிட்டு இறங்குங்கள். 'எப்படியும் தண்ணியிலதானே போறோம்' என்ற சால்ஜாப்பு வேண்டாம்.

* எண்ணெய்க் குளியல் நல்லதுதான். ஆனால் அன்று நீச்சல் வேண்டாம். எண்ணெய் நீரில் மிதந்து ஃபில்டரில் படியும்.

* குழந்தைகளை முன்பே பாத்ரூம் போகச் சொல்லுங்கள். நடுவிலும் மணிக்கு ஒரு தடவை வெளியே அழைத்துப் போங்கள்.

* பேதி இருந்தால் குளத்துப் பக்கமே போகக்கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, சரியாகக் குளோரின் போட்ட நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். பரிசோதனையில் இந்தக் கிருமி என்று தெரிந்தால், பேதி நின்ற பிறகும் இரண்டு வாரம் பொறுங்கள். 'மெயின்டனன்ஸ் கட்டியிருக்கோமே' என்ற நினைப்பில் அடுத்த வீட்டுக் குழந்தைக்கு நோயைக் கொடுக்கலாமா?

* ஆறாத புண், கண் நோய், காதில் சீழ் இருப்பவர்களும் தள்ளி இருங்கள்.

ஏறிய பின்...

நல்ல தண்ணீரில் பயத்தமாவு தேய்த்துக் குளியுங்கள். தோல் வறண்டால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம். கால் விரல் இடுக்கை ஈரம் போகத் துடைத்தால் சேற்றுப்புண் அண்டாது. தலையைச் சாய்த்துக் காது நீரை வடியவிட்டு, டவல் நுனியால் வெளிப்புறம் மட்டும் ஒற்றுங்கள். குச்சி, பட்ஸ் கூடாது.

காது மடலை இழுத்தால் வலிக்கிறதா? செவிக் குழாயில் அழற்சி வந்திருக்கலாம். உடனே பாட்டி பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சுவார். ஊற்றாதீர்கள்! செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் காதில் எதையும் விடக்கூடாது. மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு ஜோடிக் கண்

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சினிமாவில் வருவது போல மூழ்கும் குழந்தை கையை ஆட்டிக் கத்தாது. சத்தமில்லாமல், ஓரிரு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். சுற்றி ஆறு பெரியவர்கள் இருந்தால், 'மத்தவங்க பார்த்துப்பாங்க' என்று ஆறு பேருமே பேச்சில் மூழ்கிவிடுகிறோம். எனவே முறை வைத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் பார்க்க வேண்டும். கையில் செல்போன் இருக்கக்கூடாது. நீச்சல் தெரியாத குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். காற்றடைத்த கைப்பட்டையை நம்பாதீர்கள்.

மூழ்கியவரைத் தூக்கினால் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டுமே தவறு. மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்த வேண்டும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். இந்தப் பயிற்சியை வீட்டுக்கு ஒருவராவது முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

எங்கள் மனுவை நாங்களே வாபஸ் வாங்கினோம். இப்போது அந்த நோட்டு குளத்தின் வாசலில் கயிறு கட்டித் தொங்குகிறது. பேரனை அழைத்துப் போகும்போது முதலில் அதைத்தான் பார்க்கிறேன். உங்கள் குடியிருப்பிலும் இன்று மாலை கேளுங்கள்: "தம்பி, நோட்டு எங்கே?"