முழங்கால் மூட்டு மாற்று: வலியைத் தாண்டும் ஆறு வாரங்கள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன் பெரும்பாலோர் எங்களிடம் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "ரொம்ப வலிக்குமா டாக்டர்?" வலிக்கும் என்றே நாங்கள் விடை கூறுகிறோம். தொடை எலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் சீவப்பட்டு, அவற்றின்மீது உலோக உறைகள் பொருத்தப்படுகின்றன. இடையே பாலிஎத்திலீன் தட்டு ஒன்று அமர்த்தப்படுகிறது. எலும்பும் மூட்டைச் சூழ்ந்த சவ்வும் தோலும் ஒருங்கே காயப்படும் இத்தகைய சிகிச்சை வலியின்றி ஆறாது. ஆனால் நீங்கள் பல ஆண்டுகளாகச் சுமந்த தேய்மான வலி ஆண்டுதோறும் கூடிக்கொண்டே வந்தது. இந்த வலியோ பொதுவாக வாரந்தோறும் குறைந்துகொண்டே செல்வது.

அறுவை முடிந்த அன்று மாலையில் பலர் வலியே இல்லை என்று வியப்புடன் கூறுவர். முதுகில் செலுத்திய மரப்பு மருந்தும், நரம்பைச் சுற்றிப் போடப்பட்ட ஊசியுமே அதற்குக் காரணம். அவற்றின் ஆற்றல் அன்றிரவோ மறுநாளோ குறையும்போது வலி சட்டென மேலெழும். அறுவையில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டதெனக் குடும்பத்தார் கலங்குவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். இது எதிர்பார்க்கப்பட்ட ஒன்றே. வலி இல்லாதபோதே செவிலியர் மாத்திரை கொண்டு வருவதன் நோக்கமும் இதுதான். "இப்போது வேண்டாம், வலித்தால் போட்டுக்கொள்கிறேன்" என்று அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

முதல் இரண்டு வாரங்களில் வலிநிவாரணியைக் கடிகாரம் பார்த்து உட்கொள்ள வேண்டும், வலியைப் பார்த்து அன்று. வலி உச்சத்துக்கு ஏறிய பின் அதை இறக்குவது கடினம். தொடர்ந்து வலிச் செய்திகளைப் பெறும் நரம்புகள் கூர்மையடைந்து, சிறு தொடுதலையும் பெருவலியாக உணரத் தொடங்குகின்றன. அதனால்தான் வெவ்வேறு வழிகளில் செயற்படும் இரண்டு மூன்று மருந்துகளைச் சிறு அளவுகளில் சேர்த்துத் தருகிறோம்.

சிறுநீரகம் கெட்டுவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அது முற்றிலும் பொய்யன்று. வலிநிவாரணிகளில் ஒருவகை சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கக்கூடும். ஆதலால் உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் பிற நோய்களையும் பார்த்த பிறகே அவற்றை எழுதுகிறோம். மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் மாத்திரைகளே எங்களுக்குக் கவலை தருபவை. பாராசிட்டமால் அவ்வகையைச் சேர்ந்ததன்று. எனினும் 24 மணி நேரத்தில் அது 4 கிராமைத் தாண்டக்கூடாது. 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு. உடல் எடை குறைந்தோருக்கும் கல்லீரல் நோயுள்ளோருக்கும் அளவு இன்னும் குறைவு. வீட்டில் காய்ச்சலுக்கென்று வைத்திருக்கும் மாத்திரையும் பெரும்பாலும் இதே பாராசிட்டமால்தான் என்பதை மறவாதீர்கள். டிரமடால் போன்ற வலிமையான மருந்துகளைச் சில நாள்களுக்கு மட்டுமே தருகிறோம். அவை தலைசுற்றலையும் கடும் மலச்சிக்கலையும் உண்டாக்கும். மூன்று நாள் மலம் கழியாமல் துன்புற்றும் கூச்சத்தால் எங்களிடம் சொல்லாமலிருப்போர் உண்டு. தயங்காமல் சொல்லுங்கள், அதற்கும் மருந்து உண்டு.

இவ்வளவு மருந்தும் எதற்காக? படுத்து ஓய்வெடுப்பதற்காக அன்று. முழங்காலை மடக்கி நீட்டுவதற்காக. அறுவைக்குப் பின் மூட்டினுள் தழும்புத் திசு வளரத் தொடங்குகிறது. அது இளகியிருக்கும் முதல் வாரங்களில் முழங்கால் எவ்வளவு அசைக்கப்படுகிறதோ, பிற்காலத்தில் கிடைக்கும் அசைவு பெரிதும் அதைச் சார்ந்தது. சமதரையில் நடக்க ஏறத்தாழ 65 பாகை மடங்கினால் போதும். மாடிப்படி ஏறவும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழவும் 90 பாகையாவது வேண்டும். மடங்குவதைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள். நீளுவதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. எங்கள் கருத்தில் நீளுவதும் அதே அளவு முதன்மையானது. முழுமையாக நீளாத கால் குட்டையான காலைப் போல நடக்கும்; இடுப்பும் முதுகும் சேர்ந்து நோகும்.

இங்கேதான் அன்பே இடையூறாகிறது. நோயாளி முனகுவதைக் கண்டதும் மகளோ மனைவியோ முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகுகிறார். முழங்கால் சற்று மடங்கியிருக்கும்போது வலி குறைவதால் நோயாளியும் அதை விரும்புகிறார். இரவு முழுதும், பல இரவுகள் அவ்வாறே கிடக்கும் மூட்டு அந்நிலையிலேயே இறுகத் தொடங்குகிறது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். அப்போது முழங்கால் தன் எடையாலேயே நேராகும், சற்று நோகும், அந்த நோவு நன்மைக்கே.

பயிற்சிக்கு அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்கு முன்பு மாத்திரை, பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம்: இந்த வரிசை பலருக்கு உதவுகிறது. நீரிழிவால் காலில் உணர்ச்சி குன்றியவர்கள் ஒத்தடத்தின்போது தோலை அடிக்கடி பார்க்க வேண்டும். வீக்கத்தைக் குறைப்பது அழகுக்காக அன்று. மூட்டு வீங்கியிருந்தால் முன்தொடைத் தசைக்குச் செல்லும் கட்டளை தடைப்பட்டு, "காலைத் தூக்க நினைக்கிறேன், தூக்க வரவில்லை" என்ற நிலை உண்டாகிறது. பயிற்சியின்போது இழுப்பது போன்ற வலி தோன்றி ஓரிரு மணி நேரத்தில் தணிந்தால் அளவு சரியே. மறுநாள் காலையிலும் வலியும் வீக்கமும் கூடியிருந்தால், அன்று எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் உள்ளோருக்கு இரண்டு வேண்டுகோள்கள். தண்ணீர்ச் செம்பையும் செய்தித்தாளையும் கட்டிலுக்கே கொண்டுவந்து தராதீர்கள். வாக்கரைப் பிடித்து அவரே எழுந்து வந்து எடுக்கட்டும். நீங்கள் அருகில் நடந்தால் போதும். அடுத்தது பத்தியம். பருப்பு உண்டால் புண் சீழ்கொள்ளும், முட்டையும் மீனும் ஆகா என்று சொல்லி, வாரக்கணக்கில் இரசமும் சோறும் மட்டுமே தருகிறார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றில்தான் அது இருக்கிறது. சிறுநீரக நோய்க்காக உணவுக் கட்டுப்பாடு உள்ளோர் மட்டும் எங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். தையல்மீது எண்ணெய் தடவுவதும் காலை உருவிவிடுவதும் அறவே கூடாது.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் ஒரு சோர்வு வரும். பார்க்க வந்த உறவினர் குறைந்திருப்பர். இரவில் வலி உறக்கத்தைக் கலைக்கும். "ஏன்தான் செய்துகொண்டேனோ" என்று கண்கலங்குவோர் பலர். இன்று நன்றாக நடந்தவர் நாளை நடக்க இயலாமல் வருந்துவதும் இயல்பே. நேற்றோடு ஒப்பிடாமல் சென்ற வாரத்தோடு ஒப்பிடுங்கள். எத்தனை பாகை மடங்கியது, எத்தனை அடி நடந்தீர்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், மனம் மறந்த முன்னேற்றத்தை அது காட்டும். தழும்பின் வெளிப்புறத்தில் ஒரு பகுதி மரத்திருப்பதும், நடக்கும்போது மூட்டில் 'கிளிக்' என்ற ஒலி கேட்பதும், மூட்டு சில மாதங்கள் வெதுவெதுப்பாக இருப்பதும் அச்சத்துக்குரியவை அல்ல.

அச்சத்துக்குரியவை வேறு. கெண்டைக்கால் வீங்கி, அழுத்தினால் வலித்தால் நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம்; அன்றே வாருங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். இரத்தம் உறையாதிருக்க நாங்கள் தரும் மாத்திரையை, வலி குறைந்துவிட்டது என்பதற்காக நிறுத்தக்கூடாது. அது வலிக்கான மருந்தன்று. தையலிலிருந்து நீர் கசிதல், சிவப்பு பரவுதல், குளிருடன் காய்ச்சல், குறைந்துவந்த வலி திடீரெனத் திரும்பிக் கூடுதல் ஆகியவை கிருமித்தொற்றின் அடையாளங்களாக இருக்கலாம். அந்நிலையில் வீட்டிலிருக்கும் பழைய ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடங்கிவிடாதீர்கள். தொற்றுக் கிருமியைக் கண்டறிவது அதனால் கடினமாகும்.

ஆறு வாரம் ஆகியும் முழங்கால் 90 பாகைக்கு மடங்கவில்லையெனில், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் வாருங்கள். பயிற்சி முறையை மாற்றிப் பார்ப்போம். அதிலும் பலன் இல்லையெனில், மயக்கமருந்து கொடுத்து, வெட்டாமலேயே மூட்டை மடக்கிவிடும் முறை ஒன்று உண்டு. தழும்பு முற்றிலும் இறுகுவதற்குள், அதாவது முதல் மூன்று மாதங்களுக்குள் செய்தால்தான் அதன் பலன் நன்றாக இருக்கும்.