திரை சொல்வதும் காந்தம் சொல்வதும்

டிரைவின் திரையில் 1500 என்று வந்துவிட்டால் ஸ்பிண்டிலும் 1500 சுற்றுதான் ஓடுகிறது என்று லேத் பட்டறைகளில் பலரும் நம்புகிறார்கள். ஆனால் சாதாரண வி.எஃப்.டி. டிரைவ் ஸ்பிண்டிலைப் பார்ப்பதே இல்லை. தான் அனுப்பும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை வைத்துக் கணக்குப் போட்டு அந்த எண்ணைக் காட்டுகிறது. 50 ஹெர்ட்ஸில் நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். உள்ளே இருக்கும் ரோட்டரோ முழுச் சுமையில் 1440 அளவில்தான் ஓடும். மோட்டாரின் பெயர்த்தகட்டிலேயே அது பொறித்திருக்கும். இடையில் பெல்ட் வேறு வழுக்கினால் வேகம் இன்னும் குறையும்.

உண்மையான வேகம் தெரிய ஸ்பிண்டிலைத்தான் கேட்க வேண்டும். அதற்கு எளிய வழி ஒரு சிறு காந்தமும் ஹால் சென்சாரும். மின்னோட்டம் பாயும் தங்கத் தகட்டின் அருகே காந்தம் வந்தால் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றுவதை 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்தார். அதே விளைவுதான் இன்று சில ரூபாய்ச் சில்லுக்குள் இருக்கிறது. ஸ்பிண்டிலோடு சுழலும் காந்தம் எதிரே வரும்போதெல்லாம் சென்சார் ஒரு துடிப்பு தரும்.

காந்தங்களைக் கூட்டினால் துல்லியமும் கூடும் என்பது அடுத்த நம்பிக்கை. ஆனால் கோளாறு பெரும்பாலும் எண்ணும் முறையில் இருக்கிறது. ஒரே காந்தம் வைத்து, ஒரு நொடியில் எத்தனை துடிப்பு என்று எண்ணினால், 430 சுற்று ஓடும் ஸ்பிண்டில் ஒருமுறை 420 என்றும் மறுமுறை 480 என்றும் காட்டும்; ஒரு துடிப்பு கூடினாலே 60 சுற்று கூடிவிடுகிறதே! துடிப்பை எண்ணாமல், இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்தால் ஒரு காந்தமே போதும். 430 சுற்றுக்கு அந்த இடைவெளி ஏறத்தாழ 139.5 மில்லி நொடி. மைக்ரோ நொடியை எண்ணும் சிறு கட்டுப்படுத்திக்கு அது சுலபமான வேலை. கண் மதிப்பில் நான்கு காந்தங்களை ஒட்டி, அதில் ஒன்று 2 பாகை விலகினாலும் அந்த இடைவெளியில் 2 சதவீதத்துக்கு மேல் பிழை வரும்; எண் நிற்காமல் ஆடும். மிக மெதுவாக ஓடும்போது அடுத்த துடிப்புக்காக வெகுநேரம் காத்திருக்க வேண்டும் என்றால் மட்டுமே கூடுதல் காந்தங்கள் உதவும்.

சென்சார் வேலை செய்யவில்லை என்று தூக்கி எறியுமுன் காந்தத்தைத் திருப்பிப் பார்க்கலாம். பரவலாகக் கிடைக்கும் ஏ3144 போன்றவை, எழுத்து அச்சடித்த முகத்துக்கு நேரே தென்துருவம் வந்தால்தான் இயங்கும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ‘நல்ல பசை போட்டால் போதும்’ என்ற எண்ணம். மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளி ஒட்டிய 1 கிராம் காந்தம், 6000 சுற்றில் ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுபடும். மரச்செதுக்கு ரவுட்டரின் 24,000 சுற்றில் அது 16 கிலோவாகிவிடும். வேகம் நான்கு மடங்கானால் விசை 16 மடங்கு. பிய்த்துக்கொண்டு வரும் காந்தம் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். காந்தத்தை ஸ்பிண்டிலின் அலுமினியப் புல்லி விளிம்பில் ஒட்டாமல், பக்கவாட்டு முகத்தில் குழி போட்டு உள்ளே பதிக்க வேண்டும். அப்போது குழியின் சுவரே காந்தத்தைத் தாங்கும். எதிர்ப்புறத்தில் சம எடையும் வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிண்டில் அதிரும்.

ஒற்றைச் சென்சார் வேகத்தைச் சொல்லும், திசையைச் சொல்லாது. லேத்தில் மரை வெட்ட, சுற்றுக்கு ஒரு துடிப்பு தரும் அடையாளத்தை வைத்தே பல கட்டுப்பாட்டு மென்பொருள்கள் சமாளிக்கின்றன. துளைக்குள் மரை வெட்ட ஸ்பிண்டில் முன்னும் பின்னும் திரும்பும் ரிஜிட் டாப்பிங்குக்கு அது போதாது. அங்கே பல் சக்கரத்தின் எதிரே கால் அலை தள்ளி வைத்த இரண்டு சென்சார்களாவது வேண்டும். எது முதலில் துடிக்கிறது என்பதிலிருந்துதான் இயந்திரம் திசையை அறிகிறது.