எண்ணெய் உறிஞ்சும் பம்பு

தமிழ் பயில்வோனுக்கு மோட்டார் வண்டியின் அழுக்கெண்ணெயோடு யாது தொடர்பு என்று இம்மலரைப் புரட்டும் அன்பர் சிலர் வினவக்கூடும். எள்ளினின்று பெறும் நெய்யே எண்ணெய் என்று வகுப்பில் பயின்றோம். இன்றோ, நிலத்தின் அடியினின்று எடுக்கும் பொருளுக்கும் அச்சொல்லே பெயராய் வழங்குகின்றது. சொல்லின் பொருள் விரியுமாயின், அதனைப் பயில்வோன் நோக்கமும் சற்று விரியலாமன்றோ? எனினும், இக்கட்டுரை எழுதத் தூண்டியது சொல்லாராய்ச்சி அன்று; எம் வீட்டில் நேர்ந்த ஓர் இடரே.

என் சிற்றப்பா வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். தம் வண்டிக்கு எண்ணெய் மாற்றும் வேலையைத் தாமே செய்வது அவர் வழக்கம். ஈராண்டுகளுக்கு முன் ஒரு நாள், வாயில் மண் தரையில் ஜாக்கியால் வண்டியை உயர்த்தி, அடியிற் படுத்துச் சம்ப்பின் போல்ட்டைத் திருகியபொழுது ஜாக்கி சரிந்தது. அருகிற் கழற்றிக் கிடத்தியிருந்த ஸ்டெப்னிச் சக்கரம் வண்டியைத் தாங்கிற்று. அதனால் தோளெலும்பு முறிந்ததோடு அவர் உயிர் தப்பினார். மூன்று மாதம் வண்டி ஓடவில்லை. வீட்டில் வருவாயும் இல்லை. ‘இனி வண்டிக்கு அடியில் படுக்கமாட்டேன் என்று சொல்லுங்கள்’ என்று சிற்றன்னையார் அழுது கேட்க, அவரும் இசைந்தார். அன்று முதல், மேலிருந்தே எண்ணெயை வாங்கும் பம்பைத் தேடலானோம்.

முதற்கண், அக்கருவி இயங்கும் தத்துவத்தை அறிதல் வேண்டும். பம்பு எண்ணெயை இழுக்கின்றது என்று நாம் சொல்லுகின்றோம், உண்மையில் அது பாத்திரத்திலுள்ள காற்றை வெளியேற்றுகின்றது, அவ்வளவே. சம்ப்பினுள் எண்ணெயின் மேல் அழுத்தி நிற்கும் வாயுமண்டலமே அதனைக் குழாய் வழியாக மேலே தள்ளுகின்றது. 1643-ஆம் ஆண்டில் இத்தாலியரான டாரிசெல்லி என்பார், காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 76 சென்டிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கவல்லது என்று விளக்கினார். அவ்வழுத்தமே தண்ணீரை ஏறத்தாழ 10 மீட்டரும், அதனினும் இலேசான எண்ணெயைச் சற்று மிகுதியாகவும் ஏற்றும். காரின் சம்ப்பிலிருந்து அளவுகோற் குழாயின் வாய்வரை ஒரு மீட்டர் உயரமே இருக்கும். ஆதலின், எண்ணெயை உயர்த்துவதற்குப் பெரிய வெற்றிடம் வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் தடை யாது? எண்ணெயின் கெட்டித்தன்மையும் குழாயின் ஒடுக்கமுமே. பிற யாவும் ஒத்திருப்பின், ஒடுங்கிய குழாயில் மெல்லச் செல்லும் திரவத்தின் அளவு, உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது பௌதிக நூலார் துணிபு. 4 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய்க்குப் பதிலாக 6 மில்லிமீட்டர்க் குழாயை இட்டால், எண்ணெய் ஒன்றரை மடங்கு அன்று, ஐந்து மடங்கு விரைந்து வரும். வெற்றிடத்தைக் கூட்டுவதாலோ இத்துணைப் பயன் இல்லை. முழு வெற்றிடத்திற்கு மேல் ஒரு பம்பும் செல்லமாட்டாது. ஆகவே, வாங்குவோர் பெட்டியின் மேல் அச்சிட்ட பெரிய எண்களைக் கண்டு மயங்காது, தம் வண்டியின் அளவுகோற் குழாயில் நுழையத்தக்க மிக அகன்ற குழாய் உடன் வருகின்றதா என்பதையே முதலிற் பார்க்கவேண்டும். அக்குழாய் சூட்டில் இளகாததாகவும், சுருளாமல் நேரே அடிவரை இறங்கும் விறைப்புடையதாகவும் இருத்தல் இன்றியமையாதது.

இனி, பம்பின் வகைகளை நோக்குவோம். கையால் இயக்குவது ஒரு வகை. பாத்திரத்தின் மேல் பிடியுள்ள இப்பம்பை ஒரு சிறிது நேரம் இயக்கினால், எண்ணெய் தானே வந்து நிரம்பும். மின்சாரம் வேண்டா, பழுதுபடும் உறுப்புகளும் சில. வண்டியின் 12 வோல்ட் பாட்டரியால் ஓடும் மின்பம்பு மற்றொரு வகை. இதில் எண்ணெய் பம்பின் ஊடாகவே செல்லுதலின், எண்ணெயின்றி வறிதே ஓடவிட்டால் உள்ளுறுப்புத் தேயும். காற்றமுக்கியால் இயங்குவது மூன்றாம் வகை. அது பட்டறைக்கு ஏற்றதேயன்றி வீட்டுக்கு ஏற்றதன்று. கடைகளில் ‘வாக்குவம் பம்பு’ என்று கேட்டால், குளிர்சாதனம் பழுதுபார்ப்போர் கையாளும் பம்பை எடுத்துக் காட்டுதலும் உண்டு. அது இவ்வேலைக்கு உரியதன்று. வீட்டில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை செய்யும் வேலைக்குக் கைப்பம்பே போதும் என்பது என் கருத்து.

பாத்திரத்தின் உறுதியையும் ஆராய்தல் வேண்டும். காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பாரம். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள அடித்தட்டின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். உள்ளே முழு வெற்றிடமாயின் முந்நூறு கிலோகிராமுக்கு மேல் அத்தட்டை அழுத்தும். மெல்லிய பிளாஸ்டிக் டப்பா இதற்குத் தாங்காது. உருளை வடிவும், தடித்த சுவரும், நிரம்பியவுடன் தானே அடைக்கும் மிதவையும், வெளியே தெரியும் அளவுக் கோடுகளும் உடையதே நன்று. கொள்ளளவு சம்ப்பின் கொள்ளளவினும் மிகுந்திருக்கவேண்டும்.

அளவுக் கோடுகளின் அருமையை நாங்கள் தவறு செய்தே கற்றோம். முதலில் விலை குறைந்த ஒரு பம்பை வாங்கினோம். குளிர்ந்த வண்டியில் அதன் மெல்லிய குழாயை இறக்கினோம். நெடுநேரங் கழித்துக் குழாயில் களகளவென்னும் ஓசை எழுந்தது. எண்ணெய் தீர்ந்ததென்று எண்ணி, கையேட்டிற் கண்டபடி மூன்றரை லிட்டர் புத்தெண்ணெயை வார்த்தேன். அளவுகோலை எடுத்துப் பார்த்த சிற்றப்பா திடுக்கிட்டார். எண்ணெய் மேற்கோட்டைக் கடந்து வெகுதூரம் நின்றது. குழாய் உள்ளே சுருண்டு அடியைத் தொடாமையால், ஒரு லிட்டருக்கு மேல் பழையது தங்கிவிட்டது. அவ்வாறே ஓட்டியிருப்பின், சுழலும் கிராங்குத் தண்டு எண்ணெயிற் பட்டு நுரை எழுப்ப, நுரை கலந்த எண்ணெய் உறுப்புகளைக் காவாது போயிருக்கும். பிழைப்புக்கு ஆதாரமான என்ஜினை என் அவசரம் கெடுத்திருக்கும். அன்று கற்ற விதிகள் இவை: என்ஜினைச் சில நிமிடம் ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்குக, நிறுத்திச் சற்றுப் பொறுத்து உறிஞ்சுக, குழாயை ஏற்றியிறக்கி அடியைத் தேடுக, வந்ததை அளந்து கையேட்டோடு ஒப்பிடுக, புதியதைச் சிறிது சிறிதாக வார்த்து அளவுகோலைப் பார்க்க.

எல்லா வண்டிக்கும் இக்கருவி ஏற்குமோ எனின், ஏலாது. அளவுகோலே இல்லாத கார்களும், குழாயின் வழியில் தடையுள்ள கார்களும் உண்டு. பில்டர் வண்டியின் அடியில் இருப்பின், அதனைக் கழற்ற எப்படியும் கீழே செல்லவேண்டும். அப்பொழுது பம்பின் பயன் பாதியாகும். மோட்டார் சைக்கிளுக்கோ கீழ்ப் போல்ட்டே எளிது. அடியில் தங்கும் உலோகத் துகளைப் பம்பு முற்றும் வாங்கமாட்டாது; ஆதலின் இடையிடையே ஒருமுறை பட்டறையில் கீழ்வழியாக வடித்தல் நலம். முதன்முறை உறிஞ்சியபின் அங்ஙனம் வடித்துப் பார்த்தால், பம்பு எவ்வளவு விட்டுவைக்கின்றது என்பதும் விளங்கும். பெட்ரோலை இப்பம்பால் ஒருபோதும் எடுக்கலாகாது. அதன் ஆவி தீப்பற்றும்.

எடுத்த எண்ணெயை என் செய்வது? சாக்கடையில் ஊற்றுதல் நீர்நிலைக்குத் தீங்கு. தோலிற் பலகாலும் படுதல் உடலுக்குத் தீங்கு. 2016-ஆம் ஆண்டின் இந்திய விதிகள் பழைய எண்ணெயைத் தீங்கான கழிவுகளுள் வைத்துள்ளன. மூடிய டப்பாவில் சேர்த்து, மறுசுத்திக்கு அனுப்புவோரிடம் கொடுத்தலே முறை.

இப்பொழுது சிற்றப்பா அகன்ற குழாயுள்ள கைப்பம்பொன்றை வைத்துள்ளார். அவர் வண்டியில் பில்டர் மேற்பக்கம் அமைந்திருப்பது எங்கள் நல்வாய்ப்பு. மாலையில் அவர் நின்றுகொண்டே பம்பை இயக்க, நான் அளவுக் கோடுகளை உரக்கப் படிப்பேன். சிற்றன்னையார் திண்ணையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்; முன்போல் எழுந்தெழுந்து வந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்ப்பதில்லை.