மீயொலியும் மருந்தாக்கமும்

ஒரு கிலோகிராம் மருந்தை ஆக்குங்கால் 25 முதல் 100 கிலோகிராம் வரையிற் கழிவு எஞ்சும் என 1992ஆம் ஆண்டில் ஷெல்டன் என்னும் இரசாயன அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். அக்கழிவிற் பெரும்பகுதி கரைப்பான்களே. நோயாளியின் உடம்பிற் புகுவது ஒரு பங்கு. எரித்தோ சுத்திகரித்தோ நீக்கவேண்டியது பல பங்கு. நோய் தீர்க்குந் தொழில் அயலிலுள்ள ஆற்றை நஞ்சாக்குதல் தகுமோ? இக்கவலையினின்றும் எழுந்த முயற்சிகளுள் ஒன்று மீயொலியைத் துணைக்கொள்ளுதல்.

மீ என்பது மேல் எனப் பொருள்படும் பழஞ்சொல். செக்கனுக்கு 20,000 அதிர்வுகளின் மேற்பட்டு, நம் செவிக்கெட்டாது நிற்கும் ஒலிக்கு இப்பெயர் மிகப் பொருந்தும்.

அவ்வொலி மூலக்கூறுகளை நேரே பற்றி உடைக்கின்றதென மாணவர் எண்ணற்க. அதன் அலைநீளம் மூலக்கூற்றினும் மிகப் பெரிது. தொழில் செய்வது குமிழியே. ஒலியலை திரவத்தை மாறி மாறி இழுத்தும் நெருக்கியுஞ் செல்கின்றது. இழுக்கும்போது நுண்குமிழிகள் தோன்றிப் பருக்கின்றன. நெருக்கும்போது சடுதியிற் குலைகின்றன. குலையும் அக்கணத்திற் குமிழியினுள்ளே வெப்பநிலை ஏறத்தாழ 5000 பாகையையும், அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் பல நூறு மடங்கையும் எட்டும். சுற்றியுள்ள திரவமோ பெரிதுஞ் சூடேறுவதில்லை. குமிழியின் இவ்வியல்பை 1917இல் இறேலி பிரபு கணித முறையால் ஆராய்ந்தார். அவரை அதன்பால் ஈர்த்தது மருந்தன்று, கொதிக்கத் தொடங்கும் கெண்டி நீரின் ஒலியே. மீயொலியின் இரசாயன விளைவுகளை 1927இல் றிச்சாட்ஸ், லூமிஸ் என்போர் வெளியிட்டனர்.

சேதன இரசாயனத்தார் இதன் பயனை நன்குணர்ந்தது 1980ஆம் ஆண்டளவிலேயாம். இலிதியம் போன்ற உலோகங்களைக் கொண்டு செய்யுந் தாக்கங்களுக்கு நன்கு உலர்த்திய கரைப்பான் வேண்டுமென்பது பழைய விதி. பிரான்சு நாட்டு லூஷ் என்பார் மீயொலியின் துணையால் ஈரங் கலந்த கரைப்பானிலேயே அத்தகைய தாக்கமொன்றை விரைவில் நடத்திக் காட்டினார். குலையுங் குமிழிகள் உலோகத்தின் மேற்படலத்தைக் களைந்து புதுமுகந் தோற்றுவித்தமையே காரணம். மூக்குக்கண்ணாடியின் அழுக்கை மீயொலித் தொட்டி நீக்குவதும் இம்முறையாலேயே. அதன்பின் மருந்துகளின் கருவான வளையச் சேர்வைகள் பலவற்றை, தீங்கு மிக்க கரைப்பான்களை விடுத்து, நீரிலும் மதுசாரத்திலும் ஆக்கும் வழிகள் ஆய்வுகூடங்களிற் காணப்பட்டன.

ஆயினும் குடுவையில் வாய்த்தது கொப்பரையில் வாய்ப்பது அரிது. ஒலி தோன்றும் முனையினின்றும் விலக விலக அதன் வலி குன்றும்; அம்முனையும் நாளடைவில் அரிக்கப்பட்டு உலோகத்துகள் மருந்திற் கலக்கக்கூடும். எனவே பெருங்கலத்தை விடுத்து, சிறு அறையொன்றினூடே திரவத்தை இடையறாது ஓடவிடும் முறையை நாடுகின்றனர். தாக்கம் பத்து நிமிடத்தில் முடிந்ததென்று மகிழ்ந்தெழுதும் ஆய்வாளர் சிலர், பின்னர் மருந்தைப் பிரித்துத் தூய்மையாக்கச் சென்ற கரைப்பானையும், ஒலியெழுப்பச் செலவான மின்சாரத்தையும் எழுதாது விடுகின்றனர். ஷெல்டனின் கணக்கிலே அக்கரைப்பானும் கழிவே.