மேச்சேரி ஆட்டுக்குக் கவனிப்பே வேண்டாமா?

"மேச்சேரியா? அவிழ்த்து விட்டால் போதும், தானாக வளரும்." சேலம், ஈரோடு, கரூர் பக்கம் புதிதாகச் செம்மறி வாங்க வருகிறவர்களிடம் இப்படிச் சொல்லித்தான் தலையில் கட்டுகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் காய்ந்து சருகான மாதங்களிலும் வெள்வேலங்காயைப் பொறுக்கித் தின்று பிழைக்கும் இனம் இது. குட்டை ரோமம் என்பதால் மயிர் கத்தரிக்கும் வேலையும் இல்லை. ஆனால் பிழைத்துக் கிடப்பது வேறு, தேறி வளர்வது வேறு.

வறட்சி தாங்கும் ஆட்டுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம் என்பார்கள். ஆனால் தண்ணீர் குறைந்தால் ஆடு மேய்ச்சலைக் குறைக்கும், பால் வற்றும், குட்டி வாடும். கோடையில் பட்டியிலேயே தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க வேண்டும்.

நாட்டு ஆட்டுக்கு ஊசி எதற்கு என்ற நம்பிக்கைதான் அதிக உயிர்களைத் தின்கிறது. வறண்ட காட்டில் முதல் மழை விழுந்ததும் புதுத் தளிர் குப்பென்று கிளம்பும். பசித்துக் கிடந்த ஆடு வயிறு முட்ட மேயும். குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமி அப்போது பெருகி நஞ்சைக் கக்கும். மாலையில் நன்றாக மேய்ந்து வந்த குட்டி, விடியும்போது தலையைப் பின்னுக்கு வளைத்து, கால் விறைத்துக் கிடக்கும். இதுதான் துள்ளுமாரி. மந்தையில் கொழுத்த குட்டியைத்தான் முதலில் அடிக்கும். அதைப் பார்த்துக் கண்பட்டுவிட்டது என்று பட்டி வாசலில் வேப்பிலை கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நோய் கண்ட பின் காப்பாற்ற நேரமே கிடைக்காது. மழைக்கு முன்பே தடுப்பூசி போடுவதுதான் வழி. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி இருக்கிறது.

மாட்டுக்கு வாங்கிய தாது உப்பையே ஆட்டுக்கும் போடலாம் என்பது இன்னொரு தவறு. செம்மறிக்குத் தாமிரம் மிஞ்சினால் அது ஈரலில் சேர்ந்து நஞ்சாகும். செம்மறிக்கென்றே தயாரித்த கலவையைக் கேட்டு வாங்குங்கள்.

நல்ல கிடா கிடைத்தால் கடைசிவரை விடக்கூடாது என்பார்கள். ஆனால் அதன் பெட்டைக் குட்டிகள் பருவத்துக்கு வரும்முன் கிடாவை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் தகப்பனும் மகளும் சேர்ந்து மந்தை நோஞ்சானாகும். மேச்சேரி ஊருக்குப் பக்கத்திலேயே, பொட்டனேரியில், இந்த இனத்துக்கென்று 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அடுத்த கிடாவை வாங்குமுன் ஒருமுறை அங்கே போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.